நான் பார்த்துச் சொன்ன கோடு

பதினோரு வருடம் டென்னிஸ் ஆடினேன். அதைப்போல இரண்டு மடங்கு காலமாகக் கற்றுக்கொடுக்கிறேன். இப்போது மலையடிவாரத்து வேங்கிக்காலில் இரண்டு மண் கோர்ட்டுகளுக்கு நான்தான் கோச். காலையில் ஆபீசர்கள், மாலையில் அவர்கள் பிள்ளைகள். "பந்தைப் பாருங்க, பந்தைப் பாருங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்துவிட்டது. முழங்காலுக்கு உறை மாட்டாமல் நிற்க முடிவதில்லை.

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வகுப்பு முடிகிற நேரத்தில், ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி கேட் அருகே வந்து நின்றாள். கிரிவலம் சுற்றியதில் பாதமெல்லாம் கொப்புளம்.

"என்னைத் தெரியுதா?"

தெரியாமல் என்ன? கல்லூரி நாட்களில் மாநிலப் பெண்கள் அணித் தேர்வின் கடைசி ஆட்டத்தில் என்னிடம் தோற்றவள். நான் இங்கே இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் கோடு பார்க்க ஆள் இல்லை. அவரவர் பக்கம் விழும் பந்து உள்ளேயா அவுட்டா என்று அவரவரே சொல்ல வேண்டும். கடைசி செட்டில் அவள் அடித்த ஒரு பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு தெறித்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே "அவுட்" என்று கையைத் தூக்கினேன். அவள் திரும்பி அடுத்த பந்துக்குப் போய் நின்றாள். அடுத்த இரண்டு பாயிண்ட்டில் ஆட்டம் முடிந்தது. அணியில் இடமும் பின்னால் இந்த வேலையும் எனக்கு வந்தது அப்படித்தான்.

பெஞ்சில் உட்காரவைத்து டீ வரவழைத்தேன். இனியும் தள்ளிப்போடத் தெம்பில்லை.

"அன்னிக்கு நீ அடிச்ச பால் உள்ளதான் விழுந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

"எந்த பால்?"

விளக்கினேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"ஞாபகமே இல்லப்பா. தோத்தது மட்டும் ஞாபகம் இருக்கு. இனிமே ப்ராக்டிஸுக்காக நாலரைக்கு எழுந்திருக்க வேணாம்னு அவ்ளோ நிம்மதி. எங்கப்பா ரொம்ப ஜாஸ்தி பண்ணிட்டிருந்தாரு." டீயை ஊதிக் குடித்தாள். "நீ இன்னும் எழுந்திருக்கியா?"

"தினமும்."

"அய்யோ பாவம்" என்றாள். கேலியில்லை, நிஜமான இரக்கம்.

இத்தனை வருடமாகக் கேட்கச் சேர்த்துவைத்திருந்த மன்னிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்து அவளை ஏற்றி அனுப்பினேன். மாலை வகுப்புக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து, முழங்கால் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்திருக்கவும் தோன்றவில்லை.