உம்மாவின் பிஸ்மிக் கத்தி

உம்மாவின் நினைவாக ஓதக் கொடுக்கும் இந்த யாசீன் புத்தகத்தோடு அவரைப் பற்றி நாலு வரி சேர்க்கச் சொன்னார் மூத்தவரான ராத்தா. நாலு வரிக்குள் அடங்குகிற ஆளா உம்மா? என்றாலும் எழுதுகிறேன். சொந்தங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

உம்மா பிறந்ததும் வாழ்ந்ததும் மௌத்தானதும் கல்முனையில் ஒரே வளவில்தான். வாப்பா பொத்துவிலிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். ராத்தாவுக்குப் பத்து வயதும் எனக்கு ஆறு வயதுமாக இருக்கும்போது அவர் மௌத்தானார். அதன்பின் பன் புல்லைக் கீறிப் பாய் இழைத்து விற்றுத்தான் உம்மா எங்கள் இருவரையும் ஆளாக்கினார். யாரும் பாவம் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. "கை ரெண்டு இரிக்கி, கத்தி மூணு இரிக்கி. வேறென்ன வேணும்?" என்பார்.

கத்தி மூன்று என்பது உண்மை. ஒன்று மீனுக்கு. ஒன்று பன் கீறுவதற்கு. மற்றது வெள்ளைச் சீலையில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கும். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, அதாவது பிஸ்மி சொல்லி, கோழி அறுக்க மட்டுமே எடுக்கிற அதை உம்மா "பிஸ்மிக் கத்தி" என்பார். வெங்காயம் வெட்ட நான் ஒருமுறை அதைத் தொட்டுவிட்டு வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

கடைசிக் காலத்தில் வயிற்றில் கத்தி வைக்க வேண்டும் என்றார் வைத்தியர். நாங்கள் அழுதோம். உம்மா அழவில்லை. "பிஸ்மி சொல்லித் தொடங்குங்க மகன்" என்றார். வைத்தியர் பாண்டிருப்புக்காரர். "நான் புள்ளையாரக் கும்பிட்டுட்டுத் தொடங்குறன். பிஸ்மிய நீங்க சொல்லுங்கம்மா" என்று சிரித்தாராம். அதற்குப் பிறகும் இரண்டு வருடங்கள் உம்மா எங்களோடு இருந்தார். அந்த வைத்தியருக்கும், முறை வைத்து உம்மாவோடு தங்கிய, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்களுக்கும், மௌத்தான பின் மையத்தைக் குளிப்பாட்டியவர்களுக்கும், சந்தூக்கில் வைத்துச் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. உம்மாவின் நாக்கு சிலவேளை சுடும். யாருக்கும் மனக்கஷ்டம் இருந்தால் அவருக்கு மாப்புக் கொடுங்கள்.

இன்னுமொருவர் மிச்சம். ராத்தாவின் மாமனார், எங்கள் மாமா. எதற்கு நன்றி என்று அவருக்கே தெரியாது.

ராத்தாவின் கலியாணத்துக்கு முடிவு சொல்ல மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று ஒருநாள் காலையில் செய்தி வந்தது. வேளாண்மை வெட்டுக் காலம். ஒழுங்கையில் ஆண்கள் ஒருவரும் இல்லை. எங்களுக்குக் கோழி அறுத்துத் தருகிறவரும் வயலில். உம்மா தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி ஒழு எடுத்தார். கத்தியைத் தீட்டினார். தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, பிஸ்மி சொல்லித் தானே அறுத்தார். பெண் அறுப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் எந்தப் பெண்ணும் அதுவரை அறுத்ததில்லை.

வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "பொம்புளை அறுத்த கோழிய ஆருகா தின்னுற? சொல்லாம உட்ரு. சொன்னா கலியாணம் கலைஞ்சிரும்" என்றார்.

வந்த ஆறு ஆண்களும் கை கழுவி, கூடிச் சாப்பிடுகிற பெரிய தட்டான சஹனைச் சுற்றி இருந்தார்கள். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. உம்மா திரைக்குப் பின்னால் நின்று, மாமாவை அண்ணன் முறை வைத்து, "காக்கா, ஒண்டு சொல்லோணும். ஊட்டுல ஆம்புளை இல்ல. கோழிய நான்தான் அறுத்தன். மனசுக்கு ஒப்பாட்டி மீனும் பருப்பும் இரிக்கி" என்றார்.

ராத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார். சஹனில் ஒரு கையும் அசையவில்லை.

மாமாதான் கேட்டார்: "கத்திய நல்லாத் தீட்டினீங்களா தங்கச்சி?"

"ஓம், தீட்டினன்."

"அப்ப கோழிக்கே நோகல்ல. நமக்கென்ன நோவு? சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு முதற் பிடியை அவரே எடுத்தார். மற்றக் கைகளும் இறங்கின. கொஞ்ச நேரத்தில் இன்னும் கறி கேட்டு உள்ளே கோப்பை வந்தது.

மாமா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்: அந்தக் கோப்பையை வாங்கிய உம்மா, சத்தம் வெளியே போகாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாப்பா மௌத்தான பிறகு உம்மா அழுது நாங்கள் கண்டது அன்றுதான். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த உங்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். ஜஸாக்கல்லாஹு ஹைரா, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

இளைய மகள்