துணைக்கு ஆளில்லாத கட்டில்

எழுபதுகளின் தொடக்கத்தில், டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் சென்னையிலிருந்து ரயில். காலையில் செவ்வாப்பேட்டை தாண்டும்போதே எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வேன். நான் நிற்பதால் ரயில் வேகமாகப் போய்விடாது என்று தெரியும். உட்கார முடியாது, அவ்வளவுதான். வார்டிலும் அப்படித்தான். ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த கட்டிலுக்கு ஓடிவிடும்.

படிப்பில் நான் மோசமில்லை. குழந்தைகள் வார்டில் போட்டு, எடை பார்த்து மருந்தை அளக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிரசவ வார்டில் நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. வயதானவர்களைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வகுப்பு கிடையாது. அவர்களும் தலை மட்டும் நரைத்த ஆட்கள்தானே, மருந்தின் அளவு எல்லோருக்கும் ஒன்று என்று நினைத்திருந்தோம்.

அவர்களிடம் நேராகப் பேசும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. அப்பாவைக் கூட்டிவந்த மகனிடம்தான் "அவருக்கு என்ன பண்ணுது?" என்று கேட்போம். மகன் சொல்வான், மருமகள் திருத்துவாள், கட்டிலில் இருப்பவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கஞ்சி ஊட்டுவது, புரண்டு படுக்க வைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் கூட வந்தவர்களின் வேலை. அப்படி ஒரு ஆள் இல்லாத நோயாளி வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததில்லை.

காக்களூர்ப் பக்கம் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருநாள் காலை ஒரு பெரியவரை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார்கள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்தவர். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கூட வந்த காவலாளி ஒரு சீட்டை என் கையில் திணித்துவிட்டு அதே ரிக்‌ஷாவில் திரும்பிவிட்டார். 'இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கத்துகிறார். சொன்னால் அடங்குவதில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

சீட்டைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை. அவர் கட்டிலை விட்டு இறங்குவதும், ஆயா பிடித்து ஏற்றுவதுமாக இருந்தது. நான் கிட்டே போனால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூளைத் தடுமாற்றம் என்று எழுதி, தூங்க வைக்க ஊசி போடச் சொன்னேன். திடமான வாலிபனுக்குக் கொடுக்கிற அளவு. "கீய வுழுந்துடப் போறாரும்மா" என்று ஆயா சொன்னதும், கட்டுத் துணியால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டச் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாளும் கட்டு இருந்தது. தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பிப் போனது. கை கட்டியிருப்பவர் எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்கும் தோன்றவில்லை. "அடங்கிட்டாரு டாக்டரம்மா, தொந்தரவே இல்ல" என்றார் ஆயா. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

மூன்றாம் நாள் இல்லத்தின் சமையல்காரம்மா கஞ்சித் தூக்கோடு வந்தார். அவரும் ஏரிக்கரைக்காரர்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முதலில் கட்டை அவிழ்த்தார். போர்வையை விலக்கி, அடிவயிற்றில் கையை வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வயிறு கல்லு மாரி கீது டாக்டரம்மா. ஒண்ணுக்குப் போனாரா இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை. ஆயாவுக்கும் தெரியவில்லை. அந்த வயிற்றை நான் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். சிறுநீர் இறங்க ரப்பர் குழாய் போட்டதும் ஒரு பாத்திரம் நிறைந்து, இன்னொன்று கொண்டுவர வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவருக்குக் கண் தெளிந்தது. ஏரியில் இப்போது இறால் கிடைக்கிறதா என்று சமையல்காரம்மாவிடம் விசாரித்தார். மூளையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. முதல் தடவையாக அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் தாத்தா எங்கிட்ட சொல்லலை?"

"நீ என் பேத்தி மாரி கீறே. உன்னாண்ட போய் எப்புடிமா சொல்றது? ஆம்பள யாரனா வந்து கேப்பாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒருத்தரும் கேக்கல."

அன்று எத்தனை ரயில் போனது என்று எனக்குத் தெரியாது. இவர் பிழைத்துக்கொள்ள வேண்டுமே என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆனால் நாள்கணக்கில் நீர் தேங்கியதில் சிறுநீரகம் கெட்டிருந்தது. அசையாமல் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஆறாம் நாள் காலை இறந்துபோனார்.

பெரிய டாக்டர் இறப்புத் தாளை என்னிடம் நீட்டினார். "வயசாச்சு இல்லையா, காரணம் அதையே எழுதிடும்மா" என்றார். எழுதினேன். உடலை வாங்க வந்தது அந்தச் சமையல்காரம்மாதான். கைநாட்டு வைப்பதற்கு முன்னால், "இன்னா நோவுன்னு எழுதிக்கீறீங்க?" என்று கேட்டார்.

"வயசுதாம்மா."

"வயசுக்கா கையக் கட்டிப் போட்டீங்க?"

குரலில் கோபம்கூட இல்லை. கட்டாமல் இருந்தால் விழுந்திருப்பார் என்றேன். பிறகு எத்தனையோ வருஷம், இதைப் பேச நேர்ந்தபோதெல்லாம், விழுந்திருப்பார் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அவர் விழப் போகவில்லை. அடிவயிறு முட்டிக்கொண்டு, ஒண்ணுக்குப் போவதற்காக இறங்கினார். நான் கட்டிப் போட்டேன்.