கொக்கி விழுந்த நாளும் பதினோரு தாள்களும்

1. டோக்கன்

சவூதியின் அல் கோபாரில் நாங்கள் டெமோ காட்டப் போன இடத்தில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேமரா உள்ள எதுவும் உள்ளே போகக் கூடாது. லேப்டாப்புக்கு மட்டும் பாஸ் உண்டு, ஆனால் இன்டர்நெட் கிடையாது. செக்யூரிட்டி என் போனைக் கவரில் போட்டு டோக்கன் கொடுத்தார். போனோடு என் மூளையையும் வாங்கி வைத்துவிட்டார் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் பதினைந்து வருடம் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஆட்டோகேட் டிராஃப்ட்ஸ்மேன். நாற்பத்தொரு வயதில் துபாயில் ஜமால் பாயின் சின்னக் கம்பெனியில் கேம் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்தேன். விளையாட்டு செய்கிற கம்பெனி என்று நினைக்க வேண்டாம். கிரேன் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டரை அந்த எஞ்சின் என்கிற மென்பொருளில்தான் செய்தோம். நான் கற்றதெல்லாம் வீடியோவில், அஜ்மானிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில், ஒன்றரை மடங்கு வேகத்தில். புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. வேலை கன்ஃபர்ம் ஆனால்தான் மனைவியையும் மகளையும் கூட்டி வருவது என்று வீட்டில் முடிவு. மகள் அதற்குள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் விடைபெற்றுவிட்டாள்.

டெமோவில் எங்கள் சிமுலேட்டரை அவர்களுடைய புத்தம்புது கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஓட்டிப் பார்க்க பழனிவேல் என்ற ஆபரேட்டரை உட்கார வைத்தார்கள். அறந்தாங்கிக்காரர், இருபது வருட சர்வீஸ். அவர் லீவரை லேசாகத் தொட்டார். எங்கள் ஆபீஸில் அன்னநடை போட்ட கிரேன் கொக்கி, அங்கே திரையில் கல் மாதிரி தரையில் விழுந்தது.

பழனிவேல் மறுபடி தொட்டார். மறுபடி விழுந்தது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், இந்த வேகத்துல எறக்குனா கீழ நிக்கிறவன் சட்னிதான்."

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே டோக்கன்தான் இருந்தது. வீடியோவை ஓட்டிப் பார்க்காமல் என் சொந்தக் கோடில் ஒரு வரியைக்கூட என்னால் விளக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஜமால் பாய் கீழக்கரைக்காரர், யாரிடமும் கத்த மாட்டார். பத்து நாள் தவணை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் காரில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் தம்பி, நீங்க செஞ்சது நீங்க செஞ்சதுதானா?"



2. கீபோர்டைத் தொடாத எக்ஸ்பர்ட்

பத்து நாளுக்காக ஜமால் பாய் ஒரு எக்ஸ்பர்ட்டைப் பிடித்து வந்தார். தர்ஷினி, யாழ்ப்பாணத்துப் பெண், பெரிய கேம் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் நாள் எங்கள் ப்ராஜெக்டைத் திறந்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு வரியையும் மாற்றவில்லை.

"இதை நான் திருத்தினால் பத்து நிமிஷ வேலை, அண்ணா. நான் போன பிறகு இன்னொரு இடத்தில உடையும். நீங்கள் அஞ்சு பேரும் அஞ்சு வீடியோவைப் பார்த்துச் செய்திருக்கிறியள். அந்த வீடியோ போட்ட ஆளும் போன கிழமைதான் படிச்சிருப்பார் போல."

உண்மைதான். எஞ்சினோடு வருகிற மேனுவலும் எங்களுக்கு உதவவில்லை. அது எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று சொல்லும், அதை எப்போது தொடக் கூடாது என்று சொல்லாது. வீடியோவோ எங்கே தொட வேண்டும் என்று மட்டும் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தோம்.

தர்ஷினி தாள் எழுத ஆரம்பித்தார். ஒரு தாளுக்கு ஒரே விஷயம். மேலே அது ஏன் அப்படி என்று நாலு வரி. கீழே ஒரு பயிற்சி, அதுவும் வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் பயிற்சி. முதல் தாளிலேயே என் கொக்கியின் கதை வந்துவிட்டது. திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும் இவ்வளவு இறங்கு என்று நான் எழுதியிருந்தேன். ஒரு நொடிக்கு இவ்வளவு என்று எழுதவில்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டர் மெதுவாக வரைந்ததால் கொக்கி மெதுவாக இறங்கியது. அவர்களுடையது வேகமாக வரைந்ததால் விழுந்தது.

நான்காம் நாள் ஜமால் பாய் எட்டிப் பார்த்தபோது நாங்கள் ஐந்து பேரும் திரையில் ஒரு பெட்டியை வேண்டுமென்றே நடுங்க வைத்துக்கொண்டிருந்தோம். அது ஐந்தாம் தாளின் பயிற்சி.

"ஏம்மா, வேலையை முடிக்கக் கூப்பிட்டா கிளாஸ் எடுக்குறியளே?"

"வேலைதான் நடக்குது, பாய். ஆறு நாள் பொறுங்கோ."

பாய் என்னைப் பார்த்தார். என் மனைவி, மகளின் விசா இந்த நடுங்கும் பெட்டியை நம்பி இருக்கிறதே என்று எனக்கு உள்ளூரப் பயம்தான். ஆனாலும், "பொறுங்க பாய், இப்பதான் எனக்குப் புரியுது" என்றேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் சொன்ன முதல் உண்மை அது.

3. மறுபடி டோக்கன்

மறுபடி அல் கோபார், மறுபடி போன் கவருக்குள். பதினோரு தாள்களும் பையில் இருந்தன. பழனிவேல் லீவரைத் தொட்டார். கொக்கி அழகாக இறங்கியது. சரக்கைத் தூக்கினார். சரக்கு குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது.

பாய் "யா அல்லாஹ்" என்று முனகினார். எனக்கு என்னவோ சிரிப்பு வந்தது. நானே பத்து முறை நடுங்க வைத்த பெட்டி அது. எடையும் மோதலும் கணக்கிடும் பிசிக்ஸுக்குத் தனிக் கடிகாரம், திரைக்குத் தனிக் கடிகாரம். சரக்கு ஒன்றைப் பார்த்தும், சிமுலேட்டருக்குள் காட்சியைக் காட்டும் கேமரா மற்றொன்றைப் பார்த்தும் ஓடினால் நடுங்கும். எங்கள் மெதுவான கம்ப்யூட்டரில் அது கண்ணில் படவில்லை, இங்கே பட்டது.

"ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க பாய்" என்றேன். தாளை எடுக்கவே இல்லை. லேப்டாப்பில் கோடைத் திருத்தி, சிமுலேட்டரைப் புதிதாக உருவாக்கி ஏற்றினேன்.

பழனிவேல் உட்கார்ந்தார். சரக்கு மெல்ல ஏறித் திரும்பியது. திரையில் கீழே ஒரு தொழிலாளி நடந்து வந்தார். நாங்கள் செய்த பொம்மைதான். பழனிவேல் லீவரை நிறுத்திவிட்டு, "டேய், தள்ளுடா அங்கிட்டு" என்று அதட்டினார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் பொம்மை நகரும்வரை லீவரைத் தொடவில்லை.

வெளியே வரும்போது ஜமால் பாய் என் தோளில் கை போட்டார்.

"கலாஸ் தம்பி, முடிஞ்சுது. இது நீங்க செஞ்சதுதான். வீட்டுக்கு விசா போட்டுடுவோம்."

கேட்டில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கியதும் முதல் வேலையாக வீட்டுக்குத்தான் கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். "விசா வருதும்மா" என்றேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் இப்போது வீடியோ லிங்க் கொடுப்பதில்லை, தாள்களைக் கொடுக்கிறோம். பன்னிரண்டாவது தாளை நான் எழுதினேன். பெருமையோடு தர்ஷினிக்கு அனுப்பினேன். "எப்படி எண்டு நல்லா எழுதியிருக்கிறியள். ஏன் எண்டது எங்கே, அண்ணா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது முறைதான் தேறியது.