கலர் கம்மி

சித்ராதேவிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது; இறங்கும். இது எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்து ஹரிபிரசாத்துக்குத் தெரியாது, பாவம்.

உறையூரில் நான் தையல்கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு மேல்மாடியில்தான் அவள் படம் வரைகிறாள். செத்துப்போனவர்கள் படம், பள்ளிக்கூடச் சுவர், கல்யாண மேடை என்று எது வந்தாலும் விடமாட்டாள். ஒரு காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. கடைசியாகத் துறையூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, "பொண்ணு கலர் கம்மி" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அட வெட்கங்கெட்ட ஜென்மங்களே! "இனிமே எவனுக்கும் இங்க கேசரி கிடையாது" என்றாள் சித்ரா. அத்தோடு சரி. தன் சம்பாத்தியம், தன் வீடு என்று நிம்மதியாக இருக்கிறாள். ஊருக்குத்தான் வயிற்றெரிச்சல்.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு நகர் நலச் சங்கம் வாசகசாலை கட்டியது. அங்கே மாட்ட ஆளுயரத்துக்குக் காமராஜர் படம் வேண்டும் என்று இவளிடம் கேட்டார்கள். அதுவரை அவளுக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை. கீழே அவள் பெயரையும் போடலாம் என்றார்கள். சோறு தண்ணி இல்லாமல் வரைந்தாள். முடித்ததும் முகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். வெயிலில் நின்று பேசிவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தவர் மாதிரி இருந்தார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் படத்தை வேனில் ஏற்றினோம். துணைக்கு நானும் போனேன். சங்கச் செயலாளர் ஹரிபிரசாத் துணியை விலக்கிப் பார்த்தார்.

"பிரமாதம்மா! முகத்தை மட்டும் கொஞ்சம் கலரா பண்ணிடுங்க."

"கலர்தானே சார் போட்டிருக்கேன்?"

"அதில்லம்மா, கலரான்னா... கொஞ்சம் செவப்பா. ரொம்பக் கறுப்பா இருக்காருல்ல?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொன்னவரே அட்டக் கறுப்பு. பூசியிருந்த பவுடர் கழுத்தோடு நின்றுபோயிருந்தது.

"கறுப்பு காந்தின்னு ஊரே கூப்பிட்ட மனுசன் சார் அவரு" என்றாள் சித்ரா.

"எனக்குத் தெரியாதா? இருந்தாலும் படம்னா லட்சணமா இருக்க வேண்டாமா? ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது. இல்லன்னா கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. திருப்பி எடுத்துட்டுத்தான் போகணும்."

இவ்வளவு பாடுபட்டது வீணாகப் போகிறதே! "லேசாத் தொட்டு விட்டுடேன்டி" என்று அவள் காதில் சொன்னேன். என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், வாயை மூடிக்கொண்டேன்.

அவள் குரல் இறங்கிவிட்டது.

"வேன் போயிடுச்சான்னு பாரு. போகலன்னா நிக்கச் சொல்லு."

ஹரிபிரசாத் பதறிப்போனார். "என்னம்மா இது! நாளைக்கு வர்றவங்க இந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைப்பாங்க? யோசிச்சுப் பாருங்க."

"இவ்வளவு கறுப்பா ஒருத்தர் நம்மள ஆண்டிருக்காருன்னு நினைப்பாங்க. நினைக்கட்டுமே சார். உங்களுக்கும் எனக்கும் அதுல என்ன நஷ்டம்?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எந்தப் பக்கம்மா மாட்டலாம்?"

"நல்லா வெளிச்சம் விழற இடமாப் பாருங்க சார்" என்றாள் சித்ரா. "முகம் தெரியணும்."