கூப்பன் புத்தகம்

இலவசம் என்று யாராவது சொன்னால் போதும், ஜெயராஜுக்குப் புத்தி வேலை செய்யாது. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி அல்ல, அவன் மனைவி ஆரோக்கியமேரியைப் பற்றி.

மேரி, புதுவாயலில் ஹபிபுல்லா பாயின் பங்க்கில் ஆறு வருஷமாக டீசல் போட்டாள். இரண்டே பம்ப் உள்ள சின்ன பங்க். மீட்டரில் சைபர் காட்டாமல் அவள் குழாயைத் தூக்கியதே இல்லை. எந்த வண்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்று டிரைவரை விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜெயராஜ் சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி வேன் ஓட்டிச் சம்பாதித்தது வேன் தவணைக்கே சரியாக இருந்தது. அடுப்பு எரிந்ததும் மகள் மோனிகா படித்ததும் மேரியின் சம்பளத்தில்தான்.

2005-ல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில், ஹைவேயில் ஒரு பெரிய பங்க் திறந்தார்கள். எண்ணெய்க் கம்பெனியே நேரடியாக நடத்தியது. நாலாயிரத்துத் தொள்ளாயிரம் கட்டினால் ஐந்தாயிரத்துக்குக் கூப்பன் புத்தகம். ஐந்நூறு ரூபாய்த் தாள் பத்து இருக்கும். ஜெயராஜ் முதல் வாரமே வாங்கினான். தான் வாங்கியது போதாதென்று வேன் ஸ்டாண்டில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டான். அதற்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். அதை வீதியெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான்.

மேரி அவனை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னாள்.

"ஒரு தாளுக்குப் பத்து ரூபா மிச்சம். அதுக்கு ஏழு கிலோமீட்டர் போயி ஏழு கிலோமீட்டர் வர்ற. ஒன்றரை லிட்டர் எரியுது. நாப்பத்தஞ்சு ரூபா ஆவுது. இன்னாய்யா லாபம் இது?"

அவன் சளைக்கவில்லை. "அப்போ தினம் போவ மாட்டேன். டேங்க் காயற வரிக்கும் ஓட்டிக்கினு, ஒரே தபா நாலு தாளுக்கு ரொப்பிக்கினு வந்துடறேன்."

நாலு தாளுக்கு மிச்சம் நாற்பதுதான். அவளும் அதைச் சொன்னாள். அதற்குள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

டேங்க்கைக் காயப்போட்டு ஓட்டினால் என்ன ஆகும்? ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு, ஆறு மணி ஷிப்டுக்குப் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது, பாய் பங்க்குக்கு நூறடி முன்னால் வேன் நின்றுபோனது. தள்ளியவர்களில் நானும் ஒருவன். வேனை நேராக மேரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம்.

ஜெயராஜின் சட்டைப் பையில் கூப்பனைத் தவிர ஒரு பைசா இல்லை.

"மேரி, ஒரு அஞ்சு லிட்டர் போடேன்" என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

அவள் பாயைப் பார்த்தாள். பாய், போடு என்று கையை அசைத்தார். டீசலைப் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து தன் பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நாங்கள் பதினாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காற்றுப் பிடித்துக்கொண்ட டீசல் பைப்பைச் சரிசெய்ய அரை மணி ஆனது. எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் போனது. ஜெயராஜை அன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவனோ சிரித்தான்.

அந்த மாதக் கடைசியில் பாய் மேரியைக் கூப்பிட்டார்.

"கோச்சுக்காதம்மா. வேனெல்லாம் அங்க போயிருச்சு, யாவாரம் படுத்துருச்சு. ரெண்டு ஆளு வெச்சிக்க முடியல. உன்கூட டீசல் போடுற ராஜமாணிக்கம் ஊட்டு லாரி இன்னிக்கும் இங்கதான் டீசல் போடுது. உன் ஊட்டு வண்டியே இங்க வர்றதில்லியேம்மா."

ஆறு வருஷம் வெயிலில் நின்றவளிடம் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று பாய் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே. அதுதான் வயிற்றெரிச்சல்.

மேரி வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெயராஜ் கொஞ்சமும் அசரவில்லை.

"வுடு மேரி. பெரிய பங்க்லயும் பொம்பளைங்கதான் வேலை செய்றாங்கோ. நான் போயி கேக்குறேன். நான் எவ்ளோ கூப்பன் வாங்கிக்கிறேன், எத்தினி பேர சேர்த்துவுட்டுக்கிறேன்? எனக்குப் போயி இல்லன்னுவாங்களா?"

மறுநாள் போனான். சாயங்காலம் திரும்பி வந்தான். மேரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நானும் இருந்தேன்.

"இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்களாம்" என்றான், அவளைப் பார்க்காமல்.

மேரிக்கு முப்பத்தெட்டு வயது. அவள் உள்ளே போனாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தான். போன இடத்திலிருந்து வெறும் கையோடு திரும்பக் கூடாதென்று புதுக் கூப்பன் புத்தகம் ஒன்று வாங்கி வந்திருந்தான்.