சூரியனின் இடுப்பு

பேரிகை கிராமத்தில் கூலி வேலை செய்து, பிறகு ஓசூருக்குக் குடிவந்த குடும்பம் முனிலட்சுமியுடையது. அம்மா சாந்தம்மா ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறாள். மகளுக்கு பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. விண்வெளியிலிருந்து ஒரு தொலைநோக்கி அனுப்பும் சூரியப் படங்களை அளக்க வேண்டும். தினமும் போகும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றாலே அவளுக்குக் கால் பரபரக்கும்.

அந்த மாதம் பரபரப்பு இன்னும் கூடியது. தன்னைத்தானே சுற்றுவதால் சூரியன் இடுப்பில் சற்றுப் பிதுங்கியிருக்கும். அவள் கணக்கிலோ அந்தப் பிதுக்கம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெரிதாக வந்தது. குழுத் தலைவர் பிரதாப்புக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாநாட்டில் அவளே பேச வேண்டும் என்றார்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னாம்மா, பெசஞ்சிக்கினே ஒக்காந்திருக்க?" என்றாள் சாந்தம்மா.

"சூரியன் நடுவுல உப்பியிருக்கும்மா. நான்தான் கண்டுபுடிச்சன்."

"நல்லதுதான? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?"

"உப்பியிருக்கறது சூரியனா, கேமராவா? அதான் தெரியல."

மறுநாள் பிரதாப்பிடம் போய் நின்றாள்.

"சார், தொலைநோக்கிய சூரியனப் பாத்தபடியே உருட்டிப் படம் எடுக்கலாம். சூரியனோட பிதுக்கம்னா எடம் மாறாது. கேமரா கோளாறுன்னா கேமராவோட சேந்து திரும்பும்."

"உருட்டினா மத்த வேலையெல்லாம் நிக்கும். உன் ரிசல்ட் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"இருந்தா தூக்கம் வந்திருக்கும் சார்."

அவர் முறைத்தார். ஆனாலும் அனுமதி வாங்கித் தந்தார்.

காத்திருந்த நாட்களில் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. பிதுக்கம் நகரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டுவதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

படங்கள் வந்தன. பிதுக்கம் கேமராவோடு திரும்பியிருந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதாள். முகம் கழுவி வந்து கேமராவின் பங்கைக் கழித்தாள். சூரியனுடையதாக மிஞ்சியது மிகச் சொற்பம்.

"அப்ப வட்டந்தானா?" என்றாள் சாந்தம்மா.

"ஆமாம்மா. சூரியன நம்ம கதவு ஒசரத்துக்குச் சுருக்குனா, உப்பல் ஒரு முடி கனங்கூட வராது."

"அவ்ளோ வட்டமா!" சாந்தம்மா வாயைப் பிளந்தாள்.

மாநாட்டில் முனிலட்சுமி அந்தச் சிறிய எண்ணைத்தான் சொன்னாள். பேசி முடித்ததும் யாரோ கேட்டார்: "சூரியனில் கரும்புள்ளிகள் கூடும்போது இந்தப் பிதுக்கம் மாறுமா?"

"தெரியாது" என்றாள்.

ஓசூர் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே பிரதாப்புக்கு போன் போட்டாள்.

"சார், மறுபடியும் எப்ப உருட்டலாம்?"