எட்டாம் நம்பர் கார்

தர்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு லோரிப் பட்டறையில் முப்பது வருடமாகக் கிரீஸில் கை கறுத்தவன். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஓடாத கார். சேமநிதிப் பணத்தை எடுத்து, முப்பத்து நான்கு வருடம் கொட்டகையில் கிடந்த பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருக்கிறான் என்று தெரிந்ததும் பட்டறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய அம்மாக்களுக்கெல்லாம் இரண்டு காலும் இருந்தன.

தர்மாவின் அம்மா ராக்காயிக்கு ஒரு கால்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் காரைப் பற்றிப் பேசுவது வீண்.

பத்து காஜாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே வரிசை வீடுகளும் ஒரு பேரங்காடியும் இருக்கின்றன. ராக்காயி அங்கே பால்மரம் வெட்டினாள், அதாவது பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் எடுத்தாள். அவள் புருஷன் சின்னையாவுக்குத் துரை பங்களாவில் வேலை. புல் வெட்டுவான், நாயைக் குளிப்பாட்டுவான், துரையின் பச்சைக் காரைக் கழுவித் துடைப்பான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, மடக்குக் கூரை போட்ட கார். நம்பர் தகட்டில் இரண்டு எழுத்துக்குப் பிறகு ஒற்றை எட்டு. தோட்டமே அதை எட்டாம் நம்பர் என்றுதான் சொல்லும்.

தர்மாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு காலையில், மரம் வெட்டிக்கொண்டிருந்த நிரையிலேயே ராக்காயியைப் பாம்பு கடித்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பங்களா வாசலில், காருக்கு முன்னால், சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். துரை யாரோ சிநேகிதனின் ஜீப்பில் ஈப்போ கிளப்புக்குப் போயிருந்தார். கார் நிற்கிறது. சாவி சின்னையாவின் கால்சட்டைப் பையில் இருக்கிறது. கழுவி முடித்து நிழலுக்கு நகர்த்தி நிறுத்துகிறவன் அவன்தானே. தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி இராமசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். ஓடி வந்தவர் சொன்னது இதுதான்.

"துரை காருலா அது. நீ எடுத்தேன்னா நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. பால் லோரி வரட்டும்."

பால் லோரி வந்தது. ஆனால் அத்தனை பேர் பாலையும் நிறுத்து ஊற்றி முடித்த பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சின்னையா அந்தச் சாவியைப் பற்றிச் சாகிறவரை வாய் திறக்கவில்லை. குடித்தான், ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான்.

ராக்காயிதான் பேசுவாள். தீபாவளிக்குத் தீபாவளி, எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது, அந்த மொட்டைக் காலைத் தடவிக்கொண்டே பேசுவாள்.

"எனக்கு எழுத்து தெரியாது. பால் நிறுவையில நின்னு நின்னு நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். படுத்துக் கெடந்த என் கண்ணுக்கு நேரா அந்த எட்டுத்தான் இருந்துச்சு. வெள்ளையா, குண்டா. லோரி வர்ற வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நாளாச்சும் அதுல ஏறி ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கணும்டா தர்மா. அப்பத்தான் என் ஆத்திரம் அடங்கும்."

துரை வேலையை விட்டுச் சீமைக்கே திரும்பியபோது காரைக் கிராணியிடமே கொடுத்துவிட்டுப் போனார். இராமசாமி அதைப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டினார். பிறகு பத்து காஜா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தள்ளி, மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார். தர்மா இரண்டு தடவை போய்க் கேட்டான். இரண்டு தடவையும், "விக்கிறதுக்கு இல்ல தம்பி," என்று டீ கொடுத்து அனுப்பினார். எதற்காகக் கேட்கிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுக்கவில்லை என்பது தர்மாவின் எண்ணம், அவன் சிநேகிதன் என் எண்ணமும் அதுதான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கிராணி காலமானார். கோலாலம்பூரிலிருந்து அவர் மகள் தினேஸ்வரி வீட்டைக் காலி பண்ண வந்தாள். அவளுக்கு அந்தக் கார் ஒரு தொல்லை.

"பழைய இரும்பு லோரிக்காரன் நாளைக்கு வாரான்ணே. அதுக்குள்ள நீங்க எடுத்துக்கிட்டா எனக்கும் புண்ணியம்," என்றாள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டான் தர்மா.

இங்கேதான் ஜெயபாலன் வருகிறான். அவனைப் பற்றிப் பேசினால் என் வாய்தான் நாறும், இருந்தாலும் பேசாமல் முடியாது. தர்மாவின் பெண்டாட்டி புனிதாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. மணல் லோரி எடுத்துக் கொழுத்தவன். கோயில் கமிட்டியில் முன் வரிசை நாற்காலி, கழுத்தில் விரல் தடிமனுக்குச் சங்கிலி.

தர்மாவின் பெயரில் காரைப் பதிய முடியவில்லை. பல வருடத்துக்கு முன்னால் தன் மோட்டார் சைக்கிளைச் சுங்கை சிப்புட்டில் ஒருவனுக்கு விற்றான். பெயர் மாற்றவில்லை. நம்ம ஊரில் யார்தான் உடனே மாற்றுகிறார்கள்? வாங்கியவன் ஊரெல்லாம் போலீஸ் சம்மன் வாங்கிக் குவித்தான். அபராதம் அத்தனையும் தர்மாவின் தலையில் விழுந்து, பெயர் பிளேக்லிஸ்ட்டில் நின்றது.

"அதையெல்லாம் கட்டி, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, எப்ப முடியும் மச்சான்?" என்றான் ஜெயபாலன். "இப்போதைக்கு என் பேருல போட்டுருவோம். பேரு என்னுது, காரு உங்களுது. நமக்குள்ள என்னா இருக்கு?"

நமக்குள்ள என்னா இருக்கு. இந்த ஒரு வார்த்தையில் எத்தனை குடும்பத்தின் நிலமும் வீடும் போயிருக்கின்றன. தர்மாவும் தலையாட்டினான். பெண்டாட்டியின் தம்பியிடம் எழுதிக் கேட்பதா என்று அவனுக்குக் கூச்சம்.

காரைப் பட்டறையின் பின்மூலைக்குக் கொண்டுவந்தார்கள். தார்ப்பாயை எடுத்தபோது எலி மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது. இரண்டு சீட்டையும் எலி கூடாக்கியிருந்தது. பெட்ரோல் தொட்டிக்குள் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து கிடந்தது. தரைத்தகட்டில் துரு தின்ற ஓட்டை வழியாக மண் தெரிந்தது. பிரேக் இறுகிப்போய்ச் சக்கரம் நான்கும் நகர மறுத்தன. எஞ்சினும் சுற்ற முடியாமல் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊற வைத்தான் தர்மா. ஒவ்வொரு ஞாயிறும் போய், முன்பக்கப் பெரிய போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, கொஞ்சமாவது அசைகிறதா என்று பார்ப்பான். பலமாக இழுத்தால் உடைந்துவிடும், இழுக்காவிட்டால் அசையாது. ஏழாவது ஞாயிறு ஒரு விரல் அளவு அசைந்தது. தர்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஜப்பான் எஞ்சின் ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போயேன்லா," என்றார்கள் பட்டறைக்காரர்கள். இரண்டு வாரத்தில் முடிகிற வேலைதான். அவன் கேட்கவில்லை. பெயிண்ட் கூட அடிக்கவில்லை. வெயிலிலும் தூசியிலும் மங்கிய அதே பச்சை, துரை இடித்த அதே நெளிவு, கறுப்பு இரும்பில் கையால் வெள்ளை அடித்த அதே நம்பர் தகடு. அம்மா பார்த்த கார் அப்படியே வர வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பதினான்கு மாதம் ஆயிற்று. ஜெயபாலன் மாதத்துக்கு ஒரு தடவை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு எட்டிப் பார்ப்பான். எஞ்சினைப் பார்க்க மாட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி.

"சேசிஸ் நம்பர் தெளிவா தெரியுதுல்ல மச்சான்? சோதனையில அதத்தான் பாப்பானுங்க."

எவ்வளவு அக்கறை என்று தர்மா நினைத்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன், வேறு என்ன நினைப்பான்?

எஞ்சின் ஓடிய அன்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சத்தத்தைக் கேட்க வைத்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ராக்காயி, "எட்டு இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கும்மா."

"அடுத்த வியாழக்கெழம எனக்கு ஆஸ்பத்திரி தவணை, டாக்டர் வரச் சொன்ன நாளு. அதுலயே போலாம்."

கார் சோதனைக்குப் போய்த் தேறி வந்தது. பதிவில் காரின் உரிமையாளன் என்கிற முறையில் தாள் வேலையெல்லாம் ஜெயபாலனே பார்த்தான். புதன்கிழமை மதியம் அவன் பட்டறைக்கு வந்தான். கையில் இரண்டு புதுப் பிளாஸ்டிக் தகடு. மூன்று எழுத்து, நான்கு எண்.

"இத மாட்டிருங்க மச்சான். பழசு ரெண்டையும் எனக்குக் கழட்டிக் குடுங்க, ஆபீஸ்ல கண்ணாடி போட்டு மாட்டப் போறேன்."

தர்மாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. ஜெயபாலன் வாசலைக் காட்டினான். அவன் புதிதாக வாங்கிய பெரிய கறுப்பு வேன் நின்றது. அதன் நெற்றியில் அதே இரண்டு எழுத்தும் ஒற்றை எட்டும்.

"ஒத்த எட்டு. சீனனுக்கு அதிர்ஷ்ட நம்பர், என்னா வெல குடுப்பான் தெரியுமா? நான் விக்கல, நமக்கே இருக்கட்டும்னு வெச்சிருக்கேன். பழைய வண்டி ஓடுனாத்தான் நம்பர மாத்த முடியும். உங்க கைராசி, ஓடிருச்சு."

"அந்த நம்பருக்குத்தான்டா நான் வாங்குனேன்," என்றான் தர்மா. "எங்கம்மாவுக்கு."

"காரு உங்களுக்குத்தானே மச்சான்? ஒரு நட்டாவது நான் எடுத்தேனா? நம்பரத்தானே எடுத்தேன். அவங்களுக்கு வயசு எம்பது ஆவப் போவுது, எந்த நம்பர்ல ஏறுனா என்னா?"

அவன் முகத்தில் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். திருடினோம் என்று தெரிந்து திருடுகிறவனைக் கூட மன்னித்துவிடலாம். தர்மா கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான். பிறகு குனிந்து, பழைய தகடுகளைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து புனிதாவிடம் சொன்னான். அவள் சோற்றுப் பானையைப் பார்த்தபடியே நின்றாள்.

"போன மாசமே சொன்னான்," என்றாள். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கூடப் பொறந்தவன்லா, விடுங்க."

தர்மா அன்று சாப்பிடவில்லை. ஒரு எட்டை வரைந்து ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தான். அதே எட்டு ஊருக்குள் கறுப்பு வேனில் திரியும்போது போலீஸ் நிறுத்தினால் பேச வாய் இருக்காது. கடைசியில், ஏறி உட்கார்ந்துவிட்டால் அம்மா எதற்கு முன்னால் வந்து தகட்டைப் பார்க்கப் போகிறாள் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் பச்சைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ராக்காயி அரக்குச் சேலை கட்டி, செயற்கைக் காலை மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை முட்டி வலி என்றவள், ஊன்றுகோலைப் பிடித்துத் தானே எழுந்தாள். நேராகக் காரின் முன்பக்கத்துக்குப் போனாள். தர்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் குனிந்து படித்தாள்.

"நாலு. நாலு. ஒண்ணு. ஏழு."

நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கறுப்பு வேன் தெருவில் திரும்பி வந்து நின்றது. சமாதானம் ஆகட்டும் என்று புனிதாதான் தம்பியை வரச் சொல்லியிருந்தாள். ராக்காயி வேனின் தகட்டையும் படித்தாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எது அந்தக் காரு?"

"இதுதாம்மா. பாரு, அதே பச்சை. அதே நெளிவு."

"எட்டு அங்கல்ல இருக்கு."

ஜெயபாலன் கண்ணாடியை இறக்கினான். "எட்டு இப்ப நம்மகிட்டதான் அத்தே. வாங்க, ஏசியில சொகமா போலாம். உங்க ஆசைக்கு ஆசையும் ஆச்சு."

ராக்காயி அவன் பக்கம் திரும்பாமல் மகனிடம் கேட்டாள்.

"காரு யாரு பேருல இருக்கு?"

"அவன் பேருலதாம்மா. இப்போதைக்கு."

"நம்பர யாரு கழட்டுனா?"

"நான்தாம்மா."

"சாவி யாருகிட்ட?"

"என்கிட்டதான்."

"உங்கப்பன்கிட்டயும் சாவி இருந்துச்சு," என்றாள் ராக்காயி.

அதற்கு மேல் அவள் அவனைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "புனிதா, கிராப் டாக்சி கூப்பிடு. தவணை நேரம் ஆச்சு," என்றாள்.

பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளை மைவி கார் வந்தது. ராக்காயி ஊன்றுகோலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். புனிதா தம்பியின் வேனையும் புருஷனின் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமியார் பக்கத்தில் ஏறினாள். முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. தர்மாவை யாரும் கூப்பிடவில்லை.